மேலேயே இருக்கட்டும்

தலைநகர்,
செப்டம்பர் 9, 1997

மச்சான் இஷென்,

இதைப் பாதுகாப்பு அமைச்சரின் மேசையிலிருந்து எழுதுகிறேன். சிரிக்காதே. நேற்றுப் பதவி ஏற்றேன். வானொலியில் கேட்டிருப்பாய். என் தங்கை அழுதிருப்பாள், நீ அவளைக் கேலி செய்திருப்பாய்.

நாற்காலி பெரிது. பழைய அமைச்சர் உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு பக்கம் குழி விழுந்திருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் தெரெக்-சூவில், தொலைக்காட்சிக்காரர்கள் சுற்றி நிற்க, அந்த ஆளைத்தானே கேட்டேன்! "ஒரே ஒரு ராத்திரி ஆக்-பெல் கணவாய்ச் சாவடியில தங்கிப் பாருங்க சார். பூட்ஸ் நான் தர்றேன். ஓட்டை இருக்கும், அது நீங்க அனுப்புனதுதான்." அந்தப் பேச்சு என்னை முதலில் நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோனது, இப்போது இங்கே கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது. உத்தரவை மீறிப் பையன்களைக் கணவாயிலிருந்து இறக்கிவிட்டேன் என்று என்னைச் சுடச் சொன்னவர்கள் இருக்கிறார்களே, அத்தனை பேரும் நேற்று வரிசையில் நின்று கைகொடுத்தார்கள். ஒருவர் என் கையை விடவே இல்லை. பிடுங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

என் பழைய படைப்பிரிவு இனி உன்னுடையது. நான் போட்ட முதல் கையெழுத்து அதற்குத்தான். "நான் இரண்டாவது ஆளாகவே இருந்துக்கறேன்" என்று ஆரம்பிக்காதே. ராணுவப் பள்ளியிலிருந்து உன்னைப் பார்க்கிறேன். பின்னால் நிற்பதில் உனக்கு ஒரு சுகம். போதும், முன்னால் வா.

இங்கே தொலைபேசியில் எத்தனை காது இருக்கிறது என்பது வந்த பிறகுதான் தெரிகிறது. சொல்ல வேண்டியதை எழுதி அனுப்பு. என் ஓட்டுநர் தூலாத் அவ்வப்போது உங்கள் பக்கம் வருவான், அவனிடம் கொடுத்தால் நேரே என் கைக்கு வரும்.

அனாருக்கு என் அன்பு. தலைநகரத்துக்கு வரச் சொல். அமைச்சரின் தங்கை இன்னும் மாட்டுத் தொழுவத்தில் நிற்கிறாள் என்று யாரும் சொல்லக் கூடாது.

உன்
கூபாத்


தெரெக்-சூ,
செப்டம்பர் 28, 1997

மாண்புமிகு மச்சானுக்கு,

இப்படித்தானே இனி எழுத வேண்டும்? அனார் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "இன்னும் ரெண்டு பட்டம் சேர்த்துப் போடுங்க, அண்ணனுக்குப் பிடிக்கும்" என்கிறாள்.

நீ சொன்னது சரி, அவள் அழுதாள். பிறகு ஆடு வெட்டி ஊரையே கூப்பிட்டாள். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு ஆளுக்கொரு கோரிக்கை வைத்துவிட்டுப் போனார்கள். ஒருவருக்கு மகனைப் பட்டாளத்திலிருந்து விடுவிக்க வேண்டும். இன்னொருவருக்கு வீட்டில் தொலைபேசி வேண்டும். பால் பண்ணைக்காரர் மட்டும் எதுவும் கேட்கவில்லை. "நல்லா இருக்கட்டும்பா" என்று சொல்லிவிட்டு புளித்த குதிரைப் பால், இரண்டு கிண்ணம் குமிஸ், குடித்துவிட்டுப் போனார்.

சார்ஜென்ட் மெலிஸ் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நம்ம பழைய கர்னல் அமைச்சரா? அப்போ இனிமே பூட்ஸு ரெண்டு காலுக்கும் ஒரே அளவுல வரும்." உன்னோடு அத்தனை வருஷம் மலையில் கிடந்தவன் அவன். உன் பதவியை உன்னைவிட அவன்தான் அதிகம் கொண்டாடுகிறான்.

படைப்பிரிவை எடுத்துக்கொண்டேன். நன்றி. முன்னால் நிற்கப் பழகிக்கொள்கிறேன்.

ஒரு விஷயம். கணவாயில் இப்போதே பனி விழுந்துவிட்டது. சாவடிக்கு மேலே இருக்கும் சரிவை நீ அறிவாய், அதன் கீழே தூங்கியவன் நீ. வழக்கம்போல அக்டோபர் பாதியில் பையன்களை இறக்கிவிட உத்தரவு வேண்டும். நானே குதிரைகளோடு போய்க் கூட்டி வருகிறேன். மெலிஸையும் சேர்த்து ஆறு பேர் மேலே இருப்பார்கள்.

"இறக்கிக் கூட்டி வந்தது நீங்க, டீவியில வந்தது அண்ணன்" என்று அனார் இப்போதும் குத்திக்காட்டுகிறாள். நான் சிரித்துக்கொள்கிறேன். எனக்குக் கேமராவைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், உனக்குத் தெரியாதா?

இஷென்


தலைநகர்,
அக்டோபர் 11, 1997

மச்சான்,

நேரமே இல்லை. காலையில் ஒரு கூட்டம், அதிலிருந்து இன்னொரு கூட்டம், மாலையில் யாராவது ஒரு தூதரின் விருந்து. கரண்டியும் கத்தியும் எந்த வரிசையில் எடுப்பது என்று என் மனைவி சொல்லிக்கொடுக்கிறாள். போன வாரம் மாற்றி எடுத்துவிட்டேன். பக்கத்து நாட்டு அமைச்சரும் என்னைப் பார்த்து மாற்றி எடுத்தார். நல்ல மனிதர்போல் தோன்றியது. இரண்டு நாள் கழித்து எல்லைப் பேச்சில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு ஆக்-பெல் கணவாய் அவர்களுடையது என்றார்.

ஜனாதிபதி என்னை மதிக்கிறார். மற்றவர்களைக் குடும்பப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், என்னைக் "கூபாத்" என்கிறார். இது உனக்குச் சின்ன விஷயமாகத் தெரியலாம். இங்கே அப்படியில்லை.

புது பூட்ஸ் அனுப்பியிருக்கிறேன். மெலிஸிடம் இரண்டு காலையும் அளந்து பார்க்கச் சொல்.

நீ கேட்டதைப் பற்றித் தொலைபேசியில் பேசுகிறேன். இதில் எழுத வேண்டாம்.

கூபாத்


தெரெக்-சூ,
நவம்பர் 6, 1997

மச்சான்,

நீ தொலைபேசியில் பேசி மூன்று வாரம் ஆகிறது. நான் நினைவில் வைத்திருப்பது சரிதானா என்று நீயே பார்.

"இந்த வருஷம் மேலேயே இருக்கட்டும்" என்றாய். "எதுவரைக்கும்?" என்றேன். "பேச்சு முடியற வரைக்கும். கணவாய்ல யாரு நிக்கிறாங்களோ அவங்களுக்குத்தான் கணவாய். கொடி எறங்குனா நம்ம கதை முடிஞ்சுது" என்றாய். "பனி இருக்கு மச்சான்" என்றேன். "எனக்கே பனியைப் பத்திச் சொல்றியா?" என்று சிரித்தாய். பிறகு வைத்துவிட்டாய். அன்றைக்குக் குதிரைகள் சேணம் போட்டு முற்றத்தில் நின்றன. நான் போய் அவிழ்த்துவிட்டேன்.

சொல்ல வேண்டியதை எழுதி அனுப்பச் சொன்னவன் நீ. இதை மட்டும் ஏன் எழுதாமல் விட்டாய்?

போன வாரம் நிலக்கரியும் மாவும் எடுத்துக்கொண்டு மேலே போனேன். குதிரைகளுக்கு மார்பு வரை பனி. மேலே ஐந்து பையன்களும் மெலிஸும் ஒரே அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். பையன்களில் ஒருவனுக்கும் இருபது வயது தாண்டவில்லை. சமையல் செய்கிறவன் சமத், கீழே கடைத்தெருவில் முடிவெட்டுகிறவரின் மகன். எல்லாருக்கும் மொட்டை அடித்துவிட்டு "இப்ப தலைக்கும் குளிரட்டும்" என்கிறான். சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மெலிஸ் மட்டும் என்னை வெளியே கூட்டிப்போய்ச் சரிவைக் காட்டினான். கீழே பழைய பனி கண்ணாடி மாதிரி இறுகியிருக்கிறது. அதன்மேல் புதுப் பனி ஒட்டாமல் உட்கார்ந்திருக்கிறது. "மேஜர், இது இன்னும் ஒரு பெரிய பனி தாங்கும். ரெண்டு தாங்காது" என்றான். "அமைச்சருக்குத் தெரியுமா?" என்று கேட்டான். தெரியும் என்றேன். "அப்போ சரி, அவரு ஏதாவது யோசிச்சு வெச்சிருப்பாரு" என்றான்.

என்ன யோசித்து வைத்திருக்கிறாய், கூபாத்?

அனார் உனக்கு இரண்டு முறை தொலைபேசினாள். உன் காரியதரிசி "கூட்டத்தில் இருக்கிறார்" என்றானாம். "அப்படி என்னடா கூட்டம், ஆட்டு மந்தையா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். பிறகு என்னிடம் திரும்பி, "நீங்க எதுக்கு அண்ணன்கிட்ட பெர்மிஷன் கேட்டுக்கிட்டு நிக்கிறீங்க?" என்றாள்.

இறக்கிவிடுகிறேன் என்கிறேன். சரி என்று ஒரு வார்த்தை சொல். வேண்டாம் என்றால் அதையாவது எழுது.

இஷென்


பாதுகாப்பு அமைச்சர் அலுவலகம்,
டிசம்பர் 2, 1997

மேஜர் இஷென் அவர்களுக்கு,

நவம்பர் இறுதியில் ஆக்-பெல் காவல் சாவடியில் நிகழ்ந்த பனிச்சரிவில் ஆறு வீரர்கள் உயிரிழந்த செய்தி அறிந்து அமைச்சகம் ஆழ்ந்த துயரம் கொள்கிறது. சம்பவத்தை ஆராய விசாரணைக் குழு அமைக்கப்பட்டுள்ளது. குழுவுக்கு முழு ஒத்துழைப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்.

அமைச்சர்,
மேஜர் ஜெனரல் கூபாத்

மச்சான், மேலே இருப்பது தட்டச்சுக்காரி அடித்தது. இது என் கை.

தூங்கி எத்தனை நாள் ஆகிறது என்று தெரியவில்லை. மெலிஸின் முகம் முன்னால் வந்து நிற்கிறது. நீ என்னைத் திட்டிக்கொண்டிருப்பாய், திட்டு. ஆனால் இதையும் கேள். பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. கொடிக்காகச் சின்னப் பையன்களைக் குளிர்காலத்தில் மேலே வைத்தார்கள் என்று வெளியே தெரிந்தால் கணவாயும் போகும், அரசும் ஆட்டம் காணும். குழுவில் இருப்பவர்கள் நம் ஆட்கள். பனி பத்திரமாக இருக்கிறது என்று நீ கணித்தாய், கணிப்புத் தவறிவிட்டது என்று சொல். மலையில் யாருக்கும் தவறும். உன்னை யாரும் தொட மாட்டார்கள். கௌரவமாக ஓய்வு வாங்கிக்கொடுக்கிறேன். இரண்டு மாதம் சத்தம் போடுவார்கள், பிறகு மறந்துவிடுவார்கள்.

அனாரை நினைத்துப் பார்த்து முடிவு செய்.

கூ.


தெரெக்-சூ,
டிசம்பர் 15, 1997

கூபாத்,

பூமியைத் தோண்டுவதுபோல் இல்லை, சரிந்த பனியைத் தோண்டுவது. விழுந்த கொஞ்ச நேரத்தில் அது சிமெண்டாகிவிடுகிறது. ஹெலிகாப்டர் கேட்டோம், பறக்கும் நிலையில் எதுவும் இல்லை என்றார்கள். ஊர் ஆண்கள் எல்லாரும் கடப்பாறையோடு வந்தார்கள். முடிவெட்டுகிற சாபிர் தன் மகனைத் தானே கண்டுபிடித்தார். கையில் கரண்டி இருந்தது. மெலிஸ் கதவுக்கு வெளியே கிடந்தான். முதலில் சத்தம் கேட்டவன் அவனாகத்தான் இருக்கும். ஓடியிருக்கலாம். கதவைத் தட்டத் திரும்பியிருக்கிறான்.

ஆறு வீட்டுக்கும் நானே போனேன். கூடாரம் போட்டு உடலைக் கிடத்தியிருந்தார்கள், உள்ளே பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். மெலிஸின் அம்மா உர்குயா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து என் கோட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டார். "ஏன்பா, எல்லா வருஷமும் எறக்குவீங்களே? இந்த வருஷம் ஏன் எறக்கல?" அவ்வளவுதான் கேட்டார். பிறகு பொத்தானை விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

உன் குழு வந்தது. தலைவர் நல்ல கம்பளிக் கோட்டு போட்டிருந்தார். "சாவடியைத் தொடர்ந்து நடத்த முடிவெடுத்தது யார்?" என்று கேட்டார். "அமைச்சர் தொலைபேசியில் உத்தரவு போட்டார்" என்றேன். எழுதிக்கொண்டிருந்தவன் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தலைவரைப் பார்த்தான். தலைவர் தேநீரைக் கலக்கினார். "மேஜர், கொஞ்சம் ஓய்வெடுத்துட்டு வாங்க. அப்புறம் இதே கேள்வியை மறுபடி கேக்கறேன்" என்றார். மறுபடி கேட்டார். அதே பதிலைச் சொன்னேன். மூன்றாவது முறை கேட்கவில்லை.

உன் மச்சானாக இருப்பதால் எனக்கு இதுவரை எந்தக் கஷ்டமும் வந்ததில்லை. இனி வரட்டும்.

இஷென்


தலைநகர்,
ஜனவரி 19, 1998

இஷென்,

நான் உனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்தேன். நீ அதை என் மூக்கின்மேல் சாத்தினாய். சரி.

உன் வீட்டில் என் பெயரை உச்சரிக்கக் கூடாது என்று அனார் சொல்லிவிட்டாளாம். அம்மா செத்த பிறகு அவளைத் தோளில் தூக்கி வளர்த்தது நான். அவளுக்கு இதைச் சொல்ல வேண்டாம், கேட்க மாட்டாள்.

ஆனால் ஒன்றை உன்னிடம் கேட்டே ஆக வேண்டும். எனக்கும் அன்றைக்கு உத்தரவு வந்தது. "மேலேயே இருக்கட்டும்" என்றுதான் எனக்கும் சொன்னார்கள். நான் என்ன செய்தேன்? வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேனா? பையன்களை இறக்கிவிட்டு, வந்து பிடியுங்கள் என்று நின்றேன். வேலை போனாலும் போகட்டும், சுட்டாலும் சுடட்டும் என்று நின்றேன். நீ பக்கத்திலேயே இருந்து பார்த்தவன்.

நீ ஏன் அதைச் செய்யவில்லை?

நான் சொன்னேன் என்கிறாய். சொன்னேன் என்றே வைத்துக்கொள். இங்கே, வெள்ளைக் கையுறை போட்டவன் தேநீர் ஊற்றுகிற ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு சொன்னேன். பனியைக் கண்ணால் பார்த்தவன் நீ. சரிவைத் தொட்டுப் பார்த்தவன் நீ. குதிரைக்குச் சேணம் போட்டவன் நீ, அவிழ்த்தவனும் நீ. படைப்பிரிவை உன் கையில் கொடுத்தபோது நான் ஓர் ஆண் பிள்ளையிடம் கொடுத்ததாக நினைத்தேன். கடைசிவரை நீ இரண்டாவது ஆள்தான். யாராவது சொன்னால்தான் உனக்குக் கால் நகரும்.

நீதிமன்றத்தில் பார்ப்போம்.

கூபாத்


தண்டனை முகாம்,
செப்டம்பர் 3, 1998

கூபாத்,

இங்கே மாதம் ஒரு கடிதம் எழுத விடுகிறார்கள். அனார் ஒவ்வொரு சந்திப்பு நாளிலும் வந்துவிடுவதால் அவளுக்கு எழுதத் தேவையில்லை. ஆகவே இந்த மாதத்துக் கடிதம் உனக்கு. படிப்பாயா என்று தெரியாது.

நான்கு வருஷம் கொடுத்தார்கள். கடமையில் அலட்சியம். அது பரவாயில்லை. நீ சாட்சி சொல்ல வந்த நாள்தான் மனதை விட்டுப் போகவில்லை. பதக்கங்கள் எல்லாம் குத்திக்கொண்டு வந்திருந்தாய். அப்படி ஓர் உத்தரவு போட்டதாக நினைவில்லை என்றாய். பிறகு யாரும் கேட்காமலே ஜனங்களைப் பார்த்துத் திரும்பி, "என் காலத்துல எனக்கும் உத்தரவு வந்துது. நான் மீறினேன். மேஜரை யாரு கையைக் கட்டிப் போட்டது?" என்றாய். கூட்டத்தில் தலைகள் ஆடின. சாபிரின் தலையும் ஆடியது. அதைப் பார்த்தேன்.

உன் குரல் நன்றாக இருந்தது. நீ பழைய அமைச்சரை மடக்கிய நாளில் எப்படிப் பேசினாயோ அதே குரல். ஒரு கணம் எனக்கே கைதட்டத் தோன்றியது.

இங்கே ராணுவத்தில் இருந்தவர்கள் நான்கைந்து பேர் இருக்கிறோம். மரம் அறுக்கும் கூடத்தில் மரத்தூளுக்கு நடுவே வேலை. இருமல் வந்திருக்கிறது. மருத்துவர் என் முதுகில் காது வைத்துக் கேட்டுவிட்டு, "புகை பிடிப்பீங்களா?" என்றார். இல்லை என்றேன். "பிடிச்சிருந்தா ஒரு காரணமாவது இருந்திருக்கும்" என்றார்.

உன் கேள்விக்கு இன்னும் பதில் எழுதவில்லை. யோசித்துக்கொண்டிருக்கிறேன். கேட்டது நீ என்பதற்காகக் கேள்வி தப்பாகிவிடாது.

இஷென்


தலைநகர்,
மார்ச் 21, 1999

என் அருமை மச்சான்,

நவ்ரூஸ் வாழ்த்துகள். வசந்தம் நமக்கும் வரட்டும்.

என்னைத் தூக்கிவிட்டார்கள். கேள்விப்பட்டிருப்பாய். காலையில் வானொலியில்தான் நானே கேட்டேன், முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது. கணவாயைப் பேச்சில் விட்டுக்கொடுத்துவிட்டார்கள், அதற்கு ஒரு தலை வேண்டும், என் தலை கிடைத்தது. மத்தியானத்துக்குள் கார் போயிற்று. தூலாத் புது அமைச்சருக்கு வண்டி ஓட்டுகிறான். நேற்று என்னைத் தெருவில் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான். என் கையை விடாமல் பிடித்தவர் இருக்கிறாரே, அவர் இப்போது சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போகிறார்.

உட்கார்ந்து யோசிக்க நேரம் கிடைத்தது. உனக்கு அநியாயம் நடந்துவிட்டது, இஷென். அந்த அறையில் என்ன நடந்தது என்று யாருக்கும் சொன்னதில்லை. ஜனாதிபதி என்னைப் பார்த்து, "கூபாத், கணவாய்ல கொடி எறங்கக் கூடாது, புரிஞ்சுதா?" என்றார். சுற்றி எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பனியைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன். "மலையெல்லாம் உங்களுக்குத் தெரியுமே" என்று அவரே சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவ்வளவுதான்.

இப்போது சொல்லப் போகிறேன், எல்லாவற்றையும். எதிர்க்கட்சிக்காரர்கள் வந்தார்கள். ஏப்ரலில் பெரிய சதுக்கத்தில் கூட்டம். நான் மேடையில் ஏறி, ஆறு பையன்களைக் கொன்றது ஜனாதிபதியின் உத்தரவு என்று சொல்வேன். பிறகு நீ வர வேண்டும். செய்யாத குற்றத்துக்கு உள்ளே கிடந்த அதிகாரி. செத்த பையன்களின் அம்மாக்களும் வருவார்கள், நம் ஆட்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நல்ல வழக்கறிஞரை ஏற்பாடு செய்திருக்கிறேன். மறுவிசாரணைக்கு நான் சாட்சி சொன்னால் உன்னை உடனே ஜாமீனில் விடுவார்கள். எல்லாம் பேசியாயிற்று.

முடியை மட்டும் வளர்க்காதே. முகாமில் அடித்த அந்த மொட்டைத் தலையோடு நின்றால் ஜனங்களுக்கு விளக்கமே வேண்டாம்.

நாம் இரண்டு பேரும் சேர்ந்தால் இந்த ஆட்சி நிற்காது. பழையதை மறந்துவிடு. அனாரிடம் சொல், அவள் அண்ணன் திரும்பி வந்துவிட்டான் என்று.

உன்
கூபாத்


தண்டனை முகாம்,
ஏப்ரல் 4, 1999

கூபாத்,

உன் கடிதத்தை அனார் வந்த நாளில் அவளிடம் படித்துக்காட்டினேன். முடி வளர்க்காதே என்ற இடம் வந்ததும் அவள் எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். பிறகு உட்கார்ந்தாள். "அவன் மூஞ்சியில சாகற வரைக்கும் முழிக்க மாட்டேன்" என்றாள். "ஆனா நீங்க போங்க. மேடையோ கழுதையோ, எது மேல ஏறியாவது வெளிய வாங்க. இருமுறதா இருந்தா வீட்டுல வந்து இருமுங்க."

அவள் சொல்வதில் தப்பில்லை. இரவில் மூச்சு வாங்குகிறது. இன்னும் கிட்டத்தட்ட மூன்று வருஷம் இங்கே இருந்தால் நடந்து வெளியே போவேனா என்று தெரியாது. அதனால் உன் அழைப்பை எடுத்த எடுப்பில் கிழித்துப் போடவில்லை.

மெலிஸின் அம்மாவும் வந்தார். அவரை இங்கே எதிர்பார்க்கவில்லை. பை நிறைய மாவுத் துண்டுகளைப் பொர்சோக் பொரித்துக் கொண்டுவந்திருந்தார். காவலாளி ஒவ்வொன்றையும் பிட்டுப் பார்த்துவிட்டுக் கொடுத்தான், தூளாகத்தான் வந்தது. உன் ஆட்கள் அவர் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

"சொன்னது ஜனாதிபதியாம்ல?" என்று கேட்டார்.

"அவரு கூபாத்துகிட்ட சொன்னாரு. கூபாத் என்கிட்ட சொன்னான்" என்றேன்.

"நீ?"

"நான் மெலிஸ்கிட்ட சொன்னேன்."

அவர் கொஞ்ச நேரம் மேசையில் சிந்திய தூளைக் கையால் கூட்டிக்கொண்டிருந்தார். "என் மகன் யாருகிட்டயும் சொல்லல. அவனுக்குக் கீழ ஆளு இல்ல. பனிதான் இருந்துது" என்றார். அழவில்லை. போகும்போது, "நீ வாயைத் தொறந்தா முழுசா தொற. பாதி பாதியா எல்லாரும் சொல்லிட்டீங்க" என்றார்.

ஆகவே முழுவதுமாகச் சொல்கிறேன். உன் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. நான் ஏன் இறக்கவில்லை? பயத்தால் இல்லை. வேறு எந்த அமைச்சர் சொல்லியிருந்தாலும் அன்றைக்கே குதிரையை ஓட்டியிருப்பேன். நீ சொன்னதால்தான் ஓட்டவில்லை. அந்தச் சரிவின் கீழே தூங்கிய மனிதன் பையன்களைச் சாகவிட மாட்டான் என்று நம்பினேன். என் மச்சான் அமைச்சர் என்ற பெருமையும் உள்ளே இருந்திருக்கும். இரண்டும் சேர்ந்துதான் ஆறு பேரைக் கொன்றன. எனக்குக் கொடுத்த நான்கு வருஷம் அதிகமில்லை. உனக்கு ஒன்றும் கொடுக்காததில்தான் கணக்கு உதைக்கிறது.

மேடைக்கு வருகிறேன். வழக்கறிஞரை அனுப்பு. ஒலிபெருக்கியை என் கையில் கொடுத்தால் நான் சொல்லப்போவது இதுதான். முதலில் நீ தொலைபேசியில் சொன்னது, சிரித்தது உட்பட. அடுத்து உன் கையால் எழுதிய அந்த ஆலோசனை, கணிப்புத் தவறியதாகச் சொல் என்றது. அடுத்து நீதிமன்றத்தில் நீ ஜனங்களைப் பார்த்துத் திரும்பியது. கடைசியில் முற்றத்தில் சேணம் போட்டு நின்ற குதிரைகளும் அவற்றை அவிழ்த்த என் கையும். ஜனாதிபதி, நீ, நான், மூன்று பேரும் அந்த மேடையில் இருப்போம். ஒருவரையும் கீழே இறக்க மாட்டேன்.

நீயும் அதே மேடையில் பக்கத்தில் நின்று, "ஆமாம், அப்படித்தான் நடந்தது" என்று சொல். சொல்லிவிட்டால் நான் உன்னைக் கட்டிப்பிடித்துக்கொள்வேன், கூபாத். பதினேழு வயதிலிருந்து எனக்கு இருக்கும் ஒரே நண்பன் நீதான். அனாரையும் நான் பேசி வழிக்குக் கொண்டுவருவேன்.

சம்மதமா? வண்டியை அனுப்பு. முடி வெட்டிக்கொண்டு தயாராக இருக்கிறேன்.

இஷென்


தலைநகர்,
ஏப்ரல் 27, 1999

அன்புள்ள இஷென்,

உன் கடிதம் கிடைத்தது. நிலைமை மாறிவிட்டது. சதுக்கத்துக் கூட்டத்தில் நான் கலந்துகொள்ளவில்லை. அந்த ஆட்கள் பொறுப்பில்லாதவர்கள், நாட்டைத் துண்டாக்கப் பார்க்கிறார்கள். நல்லவேளை, சரியான நேரத்தில் தெரிந்துகொண்டேன்.

போன வாரம் ஜனாதிபதி கூப்பிட்டு அனுப்பினார். நீண்ட நேரம் பேசினோம். பெருந்தன்மையான மனிதர், பழையதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை பொறுப்பேற்கிறேன். புதிய துறை, பேரிடர் மீட்பு. நிலநடுக்கம், வெள்ளம், பனிச்சரிவு எல்லாம் இதில் அடக்கம். மலையை அறிந்த ஒருவர் வேண்டும் என்று அவரே சொன்னார்.

மறுவிசாரணை இப்போது சரிப்படாது. பொறுத்திரு. இருமலுக்கு நல்ல ஜெர்மன் மருந்து அனுப்பியிருக்கிறேன், உணவுக்குப் பின் சாப்பிடு.

கோடையில் தெரெக்-சூவில் ஆறு வீரர்களுக்கும் ஒரு நினைவுக்கல் திறந்துவைக்கிறேன். பளிங்கு. அம்மாக்களுக்கு முன்வரிசையில் இடம் போடச் சொல்லியிருக்கிறேன். கல்லில் எல்லார் பெயருக்கும் பக்கத்தில் தகப்பன் பெயரும் வர வேண்டும் என்கிறார்கள். ஐந்து பேருடையது கிடைத்துவிட்டது. மெலிஸின் அம்மாவிடம் ஆள் அனுப்பினோம், கதவைத் திறக்கவில்லை.

மெலிஸின் அப்பா பெயர் என்ன? எனக்கு நினைவில்லை. எழுதி அனுப்பு.

கூபாத்